தவளையைத் துடைத்த துண்டு

ஒரு துண்டு காயலை, அவ்வளவுதான் விஷயம். அதுக்கு மேல நான் சொல்லப்போறதெல்லாம், அந்தத் துண்டு காயாததால எங்க ஊர் ஊசிமட்டத்துல யாரு யாரு என்னென்ன செஞ்சாங்க, எங்க வீட்டுக்காரர் என்ன பாடு பட்டாரு, நான் எத்தனை பேர்கிட்ட வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கிட்டேன்ங்கிறதுதான். துண்டு ஏன் காயலைன்னு கேட்டா எனக்குத் தெரியாது, ஊருல அதைக் கேட்டவங்களும் யாருமில்லை. நம்புறவங்க நம்புங்க, நம்பாதவங்க எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கிற படிக்கட்டுல வந்து நின்னு பாருங்க, அந்தத் தண்ணி வழிஞ்ச தடம் இன்னும் கல்லுல பச்சையாப் படிஞ்சு கிடக்கு.

எங்க ஊர் மலைமேல. சுத்தித் தேயிலை, தேயிலைக்கு மேல காடு, காட்டுக்குள்ள சில்லோடை. ஊருக்கு ஒரே போட்டோ ஸ்டுடியோ, அது எங்களோடது. வீட்டுக்காரர் பேரு பரஞ்சோதி, என் பேரு சந்தனமாரி. கல்யாணம், காதுகுத்து, நிக்காஹ், புதுநன்மை, பாஸ்போர்ட்டு, கடைசியில செவுத்துல மாலை போட்டு மாட்டுற படம்னு முப்பது வருஷமா இந்த மலையில இருக்கிற அத்தனை மூஞ்சியும் அவரு கண்ணு வழியாத்தான் போயிருக்கு. அவருக்குப் பிடிக்காத ஒண்ணே ஒண்ணு மினுமினுப்பு. கல்யாணப் பொண்ணு மூக்கு நுனியில ஒரு பொட்டு வேர்வை மின்னினாலும் அவருக்குக் கை ஓடாது. "அசையாம இருங்க"ம்பாரு, கேமராவுல இருந்து கண்ணை எடுக்காமலே வலது கையைப் பின்னால நீட்டுவாரு, பின்னால வெள்ளைக் குடையைப் பிடிச்சு வெளிச்சம் காட்டிட்டு நிக்கிற நான் அந்தக் கையில துண்டை வைப்பேன், அவரு ரெண்டு எட்டு முன்னால போயி நெத்தியில ஒண்ணு, மூக்குல ஒண்ணு, மேல் உதட்டுல ஒண்ணுன்னு மூணு ஒத்து ஒத்தி, கொஞ்சம் பவுடரைப் பூசிட்டு வந்து எடுப்பாரு. எங்க படத்துல யாரு மூஞ்சியும் பளபளக்காது, அதுதான் எங்க கடைக்குப் பேரு.

அந்தத் துண்டுக்கு ஒரு கதை இருக்கு, இப்பவே சொல்லிடுறேன், பின்னால தேவைப்படும். துண்டு நைஞ்சா புதுசு வாங்குவோம், ஆனா கடை திறந்த அன்னிக்கு வச்சிருந்த முதல் துண்டுல இருந்து கிழிச்ச நாலு விரல் அகலக் கிழிசல் ஒண்ணு உண்டு, அதைப் பழசுல இருந்து பிரிச்சுப் புதுத் துண்டோட மூலையில வச்சுத் தைக்கணும், தைச்சாத்தான் அவரு படம் எடுப்பாரு. ராசியாம். எத்தனை துண்டு மாறியிருக்கும், அத்தனை தடவையும் அந்தக் கிழிசலைப் பிரிச்சுத் தைச்சது நான்தான், திட்டிக்கிட்டே தைச்சிருக்கேன்.

மாசி கடைசியில மெர்லின்னு ஒரு பொண்ணு கடைக்கு வந்துச்சு. நாகர்கோவில் பக்கம், தவளைகளைப் பத்திப் படிக்கிற பொண்ணு, ஆறு மாசமா காட்டு பங்களாவுல தங்கி ஓடை ஓடையா அலையுது, அதோட கேமரா தண்ணியில விழுந்து செத்துப்போச்சு. "அண்ணே, சில்லோடையில ஒரு தவளை இருக்கு, ஆயுசு பூரா தண்ணிச் சாரல்லயே இருக்கிற தவளை, நான் கோயமுத்தூர் போயி கேமராவைச் சரிபண்ணிட்டு வர்றதுக்குள்ள அது இடம் மாறிடும், நீங்க வந்து ரெண்டு படம் எடுத்துத் தாங்கண்ணே"ன்னு கெஞ்சிச்சு. இவரு சிரிச்சாரு. "தவளைதானே, கண்ணை மூடாது, கோணலா சிரிக்காது, ஆல்பம் லேட்டுன்னு சண்டைக்கும் வராது, வர்றேம்மா"ன்னாரு.

போறதுக்கு முன்னால அந்தப் பொண்ணு போட்ட சட்டத்தைக் கேட்டா நீங்க தலைசுத்தி விழுந்துடுவீங்க. செருப்பு அடியில வேற ஓடை மண்ணு இருக்கக் கூடாது, அதுல தவளைத் தோல் நோய் ஒட்டிட்டு வரும், மருந்துத் தண்ணியில முக்கித் தேச்சுக் கழுவுங்க. கையில சோப்பு வாசம், தேங்காயெண்ணெய், கொசு களிம்பு ஒண்ணும் ஆகாது. கையை ஓடைத் தண்ணியில நனைக்காம ஒரு பூச்சியைக்கூடத் தொடக் கூடாது. ஒரு கல்லைப் புரட்டினா அதே கல்லை அதே இடத்துல அதே முகமா வைக்கணும். ஃப்ளாஷ் கிடையவே கிடையாது. ரெண்டு நிமிஷத்துக்கு மேல அதுக்குத் தொந்தரவு கூடாது. அப்புறம் அட்டைக்குப் பயந்து எல்லாரும் மடியில உப்புப் பொட்டலம் கட்டிக்கிட்டுப் போவாங்களே, அதை மறந்தும் எடுத்துட்டு வராதீங்க, ஒரு சிட்டிகை உப்பு பட்டா போதும், தவளைக்கு உசுரே போயிடும். "எங்கக்கா கல்யாணத்துக்குக்கூட மாப்பிள்ளை வீட்டார் இவ்வளவு கேக்கலை"ன்னேன் நான். ஆனா ஒண்ணு விடாம செஞ்சோம். செருப்பைக் கழுவினோம், என் கையில இருந்த மஞ்சளைக்கூடத் தேச்சுத் தேச்சுப் போக்கினேன்.

அந்தப் பொண்ணு எல்லாத்தையும் சொல்லிச்சு, தவளையைத் துடைக்காதீங்கன்னு மட்டும் சொல்லலை. எந்தப் பைத்தியம் தவளையைத் துடைக்கும்னு நினைச்சிருக்கும், பாவம்.

சில்லோடை விழுற இடத்துல ஒரு கறுத்த பாறை, அதுல சாரல் தெறிக்கிற இடத்துல அது உக்காந்திருந்துச்சு. பெருவிரல் அளவுதான் இருக்கும், இலைச்சருகு நிறம். தண்ணி இரைச்சல்ல அது கத்தினா அதோட ஆளுக்குக் கேக்காதாம், அதனால பின்னங்காலை ஒண்ணை நீளமா பின்னால நீட்டி, விரலை விரிச்சு, ஒரு ஆட்டு ஆட்டி மடக்கிக்குமாம், 'நான் இங்கதான் இருக்கேன்'னு அர்த்தமாம். நான் குடையைப் பிடிச்சுக்கிட்டே, "உங்களை மாதிரியே திரும்பிப் பாக்காம பின்னால நீட்டுது பாருங்க"ன்னேன். இவரு பாறையில குப்புறப் படுத்துக் கேமராவுல கண்ணை வச்சுட்டாரு. மெர்லின் பத்து எட்டுத் தள்ளி வெந்நீர்க்கம்பி மாதிரி ஒண்ணைத் தண்ணியில விட்டுச் சூடு பாத்துக்கிட்டு நின்னுச்சு. தவளை முதுகுல வெயில் பட்டுப் பளிச்சுனு மின்னிச்சு. இவரு வாய் "அசையாம இருங்க"ன்னுச்சு, கை தன்னால பின்னால வந்துச்சு, என் கை தன்னால அதுல துண்டை வச்சுச்சு, அவரு முதுகுல ஒண்ணு, தலையில ஒண்ணு, தொண்டையில ஒண்ணுன்னு மூணு ஒத்து ஒத்திட்டு எடுத்துட்டாரு.

துண்டை எடுத்து நீட்டினவ நான்தான். அதை நான் யாருகிட்டயும் மறைக்கலை.

படம் அருமையா வந்துச்சு. களிமண்ணுல செஞ்ச தவளை மாதிரி, ஒரு மினுக்கம் கிடையாது. மெர்லின் அதைப் பாத்துட்டு, "அண்ணே, இது நம்ம தவளைதானா?"ன்னு கேட்டுச்சு. இவரு பெருமையா, "நம்ம கைப்பக்குவம்மா"ன்னாரு.

வீட்டுக்கு வந்து துண்டை அலசிப் பின்கட்டுக் கொடியில போட்டேன். சாயந்தரம் பாத்தா சொட்டுது. சரியாப் பிழியலைன்னு பிழிஞ்சேன், பிழியப் பிழிய வந்துச்சு. மறுநாள் கீழ ஒரு வாளி வச்சேன், நிறைஞ்சுச்சு. அடுத்த நாள் குடம் வச்சேன், நிறைஞ்சுச்சு. நாலாம் நாள் சொட்டுறதை விட்டுட்டு நூல் பிடிச்ச மாதிரி ஒழுக ஆரம்பிச்சு, ஒழுகி, முற்றத்துல ஓடி, படிக்கட்டுல இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்குள்ள வந்துடுச்சு. எங்க ஊருல அப்ப பத்து நாளைக்கு ஒருதரம்தான் குழாய்ல தண்ணி, லாரி வந்தா அடிதடி. படிக்கட்டுல தண்ணி வர்றதைப் பாத்து முதல் ஆளா குடத்தோட ஏறி வந்தவ எதிர்வீட்டு ரஹ்மத்து. துண்டைப் பாத்தா, என்னைப் பாத்தா, "எத்தனை மணி வரைக்கும் வரும்?"னு கேட்டா.

அதேதான் எல்லாரும் கேட்டாங்க. எப்படி வருதுன்னு ஒருத்தரும் கேக்கலை. தேயிலைத் தோட்ட லயத்துல இருந்து, மார்க்கெட்டுல இருந்து, ஆஸ்பத்திரி லைன்ல இருந்து பச்சைக் குடம், மஞ்சள் குடம், பெயிண்டு டப்பான்னு வரிசை கட்டி நின்னாங்க, வரிசையில இடம் பிடிக்கச் செங்கலையும் தேஞ்ச செருப்பையும் வச்சுட்டுப் போனாங்க, யாரோ துண்டுக்குக் குங்குமம் வச்சாங்க, யாரோ அதை அழிச்சாங்க, கவுன்சிலர் செல்லையா வந்து துண்டுக்குக் கீழ ஒரு பெரிய டிரம்மை வச்சு, டிரம்முல மூணு குழாயைப் பொருத்தி, மேல தகரக் கூரை போட்டு, கூரையில தன் பேரை எழுதிட்டுப் போனாரு. ஒரே குறை, தண்ணி லேசா உப்புக் கரிச்சுச்சு. டீக்கடை குஞ்ஞப்பன் சேட்டன் அதுல டீ போட்டுப் பாத்துட்டு முகம் சுளிச்சு, அப்புறம் அதுலயே கஞ்சி வச்சு, "உப்பு வாங்குற வேலை மிச்சம்"னாரு. ரஹ்மத்துதான் ஒரு வாய் குடிச்சுட்டு அப்படியே நின்னுட்டா. "ஏடி சந்தனம், இதுல என் நிக்காஹ் அன்னிக்குத் தெளிச்ச பன்னீர் வாசம் வருதுடி"ன்னா. அன்னில இருந்து ஆளாளுக்கு ஒரு வாய் குடிச்சு ஒண்ணு சொன்னாங்க, ஒருத்திக்குத் தாழம்பூ, ஒருத்தருக்கு மெழுகுவத்தி, ஒருத்தருக்கு அவங்கம்மா செத்த வீட்டு ஊதுபத்தி. முப்பது வருஷமா இவரு துடைச்ச வேர்வையும் கண்ணீரும் அத்தனை துண்டு தாண்டி வந்து இப்ப இறங்குதுன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சுச்சு.

ஊரு இப்படிக் குளிச்சுக் குடிச்சுக் கூத்தாடுறப்ப எங்க வீட்டுக்காரர் காஞ்சுக்கிட்டு வந்தாரு. நான் மிகைப்படுத்திச் சொல்லலை, நிஜமாவே காஞ்சாரு. குளிக்க வச்சா தண்ணி சேப்பங்கிழங்கு இலையில விழுற மாதிரி உருண்டு ஓடிடும், தலைமயிர்கூட நனையாது. ஒரு செம்பு குடிப்பாரு, ரெண்டு செம்பு குடிப்பாரு, "இன்னும் தாகம் போகலை சந்தனம்"பாரு. கையில தோல் வெடிச்சுச்சு, உதடு வெடிச்சுச்சு, கண்ணுல ஈரம் இல்லாம இமை ஒட்டிக்கிச்சு. ஒரு இடத்துல உக்கார மாட்டாரு. கடைக்குள்ள வருவாரு, வெளிய போவாரு, படிக்கட்டு இறங்குவாரு, ஏறுவாரு, கேமராவைத் தூக்குவாரு, வைப்பாரு, வந்தவங்களை "அசையாம இருங்க"ன்னு சொல்லிட்டு இவரு ஆடிக்கிட்டு நிப்பாரு, எடுத்த படமெல்லாம் கலங்கிப்போச்சு. ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தினாங்க, பாட்டில் காலியாச்சு, இவருக்கு நாக்கு நனையலை. எனக்குப் பயம் வந்துடுச்சு. இந்த மனுஷன் என் கண்ணு முன்னால சருகாகிப் போயிடுவாரு போலிருந்துச்சு.

அவரு நடந்து நடந்து எங்க போய் நிக்கிறாருன்னு ஒரு நாள் பின்னாலயே போனேன். சில்லோடைக்குத்தான். அந்தத் தவளை அதே பாறையில இருந்துச்சு. அது மேல சாரல் விழுது, விழுந்து உருண்டு ஓடுது, அது நனையலை. தண்ணிக்குள்ள குதிச்சுச்சு, குதிச்ச இடத்துல தண்ணி விலகி வழிவிட்டுச்சு, காஞ்சபடியே ஏறி வந்து உக்காந்துச்சு, உடனே திரும்பக் குதிச்சுச்சு. குதிக்கிறதும் ஏறுறதுமாவே இருந்துச்சு. காலை நீட்டவேயில்லை. பக்கத்துல மெர்லின் முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்து அழுதுக்கிட்டிருந்துச்சு. "அக்கா, இதுக்குத் தோலுதான் வாயி, தோலுதான் பாதி மூக்கு. இது வாயால தண்ணி குடிக்காதுக்கா. என்னக்கா பண்ணீங்க?"ன்னுச்சு. சொன்னோம். அந்தப் பொண்ணு திட்டலை, அதுதான் இன்னும் வலிச்சுச்சு. கண்ணைத் துடைச்சுட்டு, "அப்ப அதோட ஈரம் அந்தத் துண்டுலதான் இருக்கு, கொண்டாங்க, திருப்பிக் குடுத்துடலாம்"னுச்சு.

நான் எழுந்து ஓடப் போனேன். அதே வேகத்துல நின்னுட்டேன். தண்ணி உப்புக் கரிக்குதே! ஊரு வேர்வை பூரா அதுல இருக்கு, அதைக் கொண்டுவந்து பிழிஞ்சா தவளை வெந்து செத்துடும், தவளை செத்தா இவரு ஈரமும் அதோட போயிடும். மெர்லின் வீட்டுக்கு வந்து டிரம்முக் குழாய்த் தண்ணியில, உப்பு எவ்வளவுன்னு காட்டுற ஒரு காகிதத்தை நனைச்சுப் பாத்துச்சு. "உப்பு முழுக்க இறங்கி முடிஞ்சு, நல்ல தண்ணி வரணும்க்கா. அதுக்குள்ள ரெண்டும் தாங்கணும்"னு தவளையையும் இவரையும் சேத்துச் சொல்லிச்சு.

அன்னில இருந்து நான் வாயைத் திறந்தவதான். அதுவரைக்கும் வரிசையில சண்டை போடாதீங்க, ஒரு வீட்டுக்கு ஒரு குடம்னு கத்திக்கிட்டிருந்தவ, மறுநாள் காலையில படிக்கட்டுல நின்னு, "பிடிங்க, இன்னும் பிடிங்க, அண்டாவைக் கொண்டாங்க, போர்வையைத் துவைங்க, மாட்டைக் குளிப்பாட்டுங்க, பஸ்ஸைக் கழுவுங்க, நிறுத்தாதீங்க"ன்னு கூவினேன். ஊருக்கு வந்த சந்தோஷத்தைப் பாக்கணுமே! சந்தனமாரிக்கு மனசு விசாலமாயிடுச்சுன்னு பேசிக்கிட்டாங்க. கல்யாண மண்டபத்தைக் கழுவினாங்க, பள்ளிவாசல்ல கைகால் கழுவுற ஹவுஸ் தொட்டியை நிறைச்சாங்க, மாதாகோயில் வாசல்ல ரோஜாச் செடி வச்சாங்க, அஞ்சு வருஷமாத் துவைக்காத திரைச்சீலையெல்லாம் ஓடையோரம் வரைக்கும் காஞ்சுச்சு. நான் தினம் காலையில பல் விளக்கினதும் ஒரு வாய் குடிச்சுப் பாப்பேன். நேத்தைவிட உப்பு கம்மி. இன்னிக்கு இன்னும் கம்மி. இவரு பின்னால நடந்துக்கிட்டே, "எப்படி இருக்கு?"ம்பாரு. "கொஞ்சம் பொறுங்க"ம்பேன். "எனக்குப் பொறுக்க முடியலை சந்தனம்"பாரு, சொல்லிட்டு நடக்கப் போயிடுவாரு.

பங்குனி பாதியில பவுடர் வாசம் நின்னுச்சு. பன்னீர் நின்னுச்சு. தண்ணி இளநீர் மாதிரி ஆயிடுச்சு. ஆனா நாக்கு நுனியில ஒரே ஒரு துளி உப்பு மட்டும் நின்னுக்கிட்டே இருந்துச்சு. ஒரு நாள் பொறுத்தேன், ரெண்டு நாள், நாலு நாள். எத்தனை அண்டா இறக்கினாலும் அந்தத் துளி மட்டும் போகலை. இவருக்கு அப்ப பேச்சு குழற ஆரம்பிச்சிருந்துச்சு. மெர்லின் ஓடையில இருந்து ஓடி வந்து, "அது இப்பக் குதிக்கிறதையும் நிறுத்திடுச்சுக்கா"ன்னுச்சு. நான் வெறி பிடிச்சவ மாதிரி துண்டை விரிச்சு, அந்த மூலை, இந்த மூலைன்னு ஒவ்வொரு இடமா நாக்கை வச்சுப் பாத்தேன். மூணு மூலை நல்ல தண்ணி. நாலாவது மூலையில அந்தக் கிழிசல். உப்பு அங்க இருந்துச்சு.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேந்து வந்துச்சு. அது என் உப்பு.

கடை திறந்த முதல் நாள் முதல் ஆளா வந்தவ நான். எங்கண்ணன் என்னைக் கூட்டிட்டு வந்தான், யாரோ ஒரு மாப்பிள்ளைக்கு அனுப்பப் படம் வேணும்னு. எனக்கு அந்த ஆளைப் பிடிக்கலை, சொன்னா கேக்க நாதியில்லை, ஸ்டூல்ல உக்காந்து பொலபொலன்னு அழுதேன். இவரு வந்து துண்டால என் கன்னத்தை ஒத்தி எடுத்துட்டு, "அழுத மூஞ்சி படத்துல நிக்கக் கூடாதும்மா"ன்னாரு. படத்துல நான் கல்லு மாதிரி உக்காந்திருப்பேன். அந்த மாப்பிள்ளை வீட்டுக்கு அந்தப் படம் போகவேயில்லை, இவரே வச்சுக்கிட்டு நாலு மாசம் கழிச்சு எங்கண்ணன்கிட்ட வந்து பொண்ணு கேட்டாரு, அது வேற கதை. ஆனா நான் ஏன் அழுதேன்னு அன்னிக்கும் கேக்கலை, கிழிசலைப் பிரிச்ச அந்த நாள் வரைக்கும் கேக்கலை. அது எனக்கு ஒரு குறையாவே இருந்துச்சு, இப்பச் சொல்றேன்.

கத்திரிக்கோலை எடுத்துத் தையலைப் பிரிச்சேன். கிழிசலைத் தனியா ஒரு கிண்ணத்துல போட்டேன். துண்டை ஒரு வாய் உறிஞ்சிப் பாத்தேன். சில்லோடைத் தண்ணி.

துண்டைச் சுருட்டி எடுத்துக்கிட்டு வெளிய வந்தா வரிசை நிக்குது. டிரம்முல தண்ணி நின்னுபோச்சுன்னு கூச்சல். செல்லையா வழிமறிச்சாரு. "எங்க தூக்கிட்டுப் போற? மழை வர்ற வரைக்கும் அது ஊர்ச் சொத்து. ஒரு தவளைக்காக ஊரு நாக்கு வறண்டு சாகணுமா?" "என் வீட்டுக்காரர் சாகட்டுமா?"ன்னேன். "அவரைக் கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரியில சேப்போம், ஊரே செலவு பண்ணும்"னாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. குடங்களுக்கு நடுவுல நின்னு சொன்னேன்: "நேத்து வரைக்கும் நீங்க பிடிச்சது உங்க சொந்த வேர்வை, உங்க சொந்தக் கண்ணீரு. உங்ககிட்ட இருந்து துடைச்சதை உங்களுக்கே குடுத்தாச்சு, அது தீந்துபோச்சு. இன்னிக்கு இதுல இருக்கிறது அதோடது. அது எங்ககிட்ட வந்து கல்யாணப் படம் எடுக்கச் சொல்லிக் கேக்கலை, நாங்க போயி அதுகிட்ட இருந்து பிடுங்கிட்டு வந்தோம். குடிக்கிறவங்க குடிங்க."

செல்லையா, "ஒரு வாரம் கழிச்சுப் போயேன்"னாரு. ரஹ்மத்து தன் குடத்தைக் கவுத்து வச்சா. "நீ ஒரு வாரம் தண்ணி குடிக்காம இரு, அப்புறம் பேசு"ன்னு அவரைப் பாத்துச் சொல்லிட்டு, என்கிட்ட, "நில்லுடி, அவரைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேணும்"னு செருப்பைக் கழட்டி மெர்லினோட மருந்துத் தண்ணியில முக்கினா. நாலஞ்சு பேரு வழிவிட்டாங்க. எல்லாரும் நல்லவங்களாயிட்டாங்கன்னு நினைக்காதீங்க, பின்னால ஒருத்தன் டிரம்மை எட்டி உதைச்ச சத்தம் ஓடை வரைக்கும் கேட்டுச்சு.

தவளை பாறை இடுக்குல ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சு, தேயிலைத் தூள் மாதிரி கறுத்துப்போயி. நாங்க நாலு பேரும் கையை ஓடையில நனைச்சோம், இவரு கையில மட்டும் தண்ணி நிக்கலை, அதனால நான் என் ஈரக் கையை அவரு கைக்குக் கீழ வச்சுக்கிட்டேன். "தொடாதீங்கண்ணே, மேல இருந்து, மெதுவா"ன்னுச்சு மெர்லின். துண்டைப் பிழிஞ்சாரு. ஒரு சொட்டு விழுந்துச்சு, உருண்டு ஓடிடுச்சு. இன்னொண்ணு, அதுவும் ஓடிடுச்சு. மூணாவது சொட்டு முதுகுல நின்னுச்சு. நின்னு, பரவி, உள்ள இறங்கிச்சு. அப்புறம் ஒவ்வொரு சொட்டும் இறங்கிச்சு, முதுகு, தலை, தொண்டை, நாங்க துடைச்ச அதே மூணு இடமும் நனைஞ்சுச்சு, தொண்டை மேலயும் கீழயும் ஏறி இறங்க ஆரம்பிச்சுச்சு. துண்டு அவரு கையில காஞ்சு அப்பளமாயிடுச்சு. என் உள்ளங்கைக்கு மேல இருந்த அவரு கை ஈரமாயிடுச்சு. இவரு அப்படியே குனிஞ்சு ஓடையில வாயை வச்சாரு, குடிச்சாரு, குடிச்சாரு, நிமிந்து என்னைப் பாத்தாரு, கண்ணுல தண்ணி நின்னுச்சு. "தாகம் போச்சு சந்தனம்"னாரு. நான் ரஹ்மத்து தோளைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன், வெக்கமெல்லாம் பாக்கலை.

தவளை நகந்து சாரலுக்குள்ள போயி உக்காந்துச்சு. வெயில் பட்டுச்சு. மினுமினுமினுன்னு மின்னிச்சு. "ரெண்டு நிமிஷம் இருக்குண்ணே"ன்னு மெர்லின் தன் கேமராவை நீட்டுச்சு, சரிபண்ணி வந்திருந்துச்சு. இவரு குப்புறப் படுத்தாரு, கண்ணை வச்சாரு, "அசையாம இருங்க"ன்னாரு, கை பின்னால வந்துச்சு. நான் அந்தக் கையில பட்டுனு ஒரு அடி வச்சேன். அங்க பாறையில தவளையும் அதே நேரம் பின்னங்காலை நீட்டி, விரலை விரிச்சு, ஒரு ஆட்டு ஆட்டிச்சு. படத்துல அது இருக்கு.

மழை வைகாசி கடைசியிலதான் வந்துச்சு. அதுவரைக்கும் லாரித் தண்ணிதான், அடிதடிதான். ரெண்டு மாசம் ஊருல பாதிப் பேரு எங்களோட பேசலை. அப்புறம் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் படம் வேணுமே, வந்தாங்க. இவரு இப்ப யாரையும் துடைக்கிறதில்லை. "மூஞ்சி எண்ணெய் வடியுது, இதுக்கா காசு"ன்னு ஆல்பத்தைத் தூக்கிப் போட்டவங்க உண்டு. "அது உங்க தண்ணிங்க, உங்ககிட்டயே இருக்கட்டும்"பாரு.

அந்தக் கிழிசல் இன்னும் கிண்ணத்துலதான் கிடக்கு. காயலை. ஒழுகுறதுமில்லை, எடுத்தா விரல்ல ஒட்டும், அவ்வளவுதான். மழை விட்ட ஒரு மத்தியானம் இவரு அதைப் பாத்துட்டு, "இது யாரோடது, ஏன் பிரிச்சு வச்சிருக்கே?"ன்னு கேட்டாரு. சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன், அண்ணன் கூட்டிட்டு வந்தது, அந்த மாப்பிள்ளை, அந்த ஸ்டூலு. கேட்டுட்டு எழுந்து போயி அதே ஸ்டூலை இழுத்துப் போட்டாரு, வெள்ளைக் குடையை ஆணியில மாட்டினாரு, கேமராவுக்குப் பின்னால போயி நின்னாரு.

"உக்காரு. அன்னிக்கு ஏன் அழுதேன்னு கேக்காம விட்டுட்டேன். இப்ப அழுகை வந்தா அழு, நான் துடைக்க மாட்டேன்."

நான் உக்காந்தேன். கன்னத்துல இறங்கிச்சு. பழக்கதோஷம், முந்தானையை எடுக்கக் கை போச்சு.

"அசையாம இரு சந்தனம்"னாரு.

நான் கையை மடியில வச்சுக்கிட்டேன். அவரு எடுத்தாரு.